சென் எமிலியோனுக்குக் கொண்டுபோன செய்தி

ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் இருக்கும் என் சிநேகிதியின் மகளுக்குப் போன மாதம் கலியாணம் நடந்தது. அவளும் மாப்பிள்ளையும் வருகிற செப்டெம்பரில் பிரான்சுக்குப் போகிறார்கள். போர்தோவுக்குப் பக்கத்தில் சென் எமிலியோன் என்ற பழைய வைன் கிராமத்தில் இரண்டு நாள் தங்கப் போகிறார்களாம். நான் அங்கே போனவள் என்று தாய் சொல்லியிருக்கிறாள். எப்படிப் போவது, எதைப் பார்ப்பது, என்ன செலவாகும் என்று கேட்டுப் பிள்ளை எனக்கு எழுதியிருந்தாள். பதில் எழுதி அனுப்பினேன். ரயில், தேவாலயம், மணிக்கூண்டு, சப்பாத்து என்று எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். அனுப்பிய பிறகு வாசித்துப் பார்த்தால், நான் அந்த ஊருக்குப் போன கதை அதில் ஒரு வரி கூட இல்லை. அதனால் இங்கே முழுவதையும் எழுதுகிறேன். ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு வேண்டிய விபரங்களும் இதற்குள்ளே வரும்.

நான் போனது 1997 செப்டெம்பர் நடுப்பகுதியில். அந்தக் கோடையில்தான் என் கையில் கனடா பாஸ்போட் கிடைத்தது. அப்போது ஸ்காபரோவில் ஒரு அப்பாட்மென்டின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். மகளுக்கு ஆறு வயது. நான் மார்க்கம் நகரில் பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பகல் ஷிப்ட், கணவர் ஒரு ரெஸ்ரோறன்டின் சமையலறையில். புதுப் பாஸ்போட் எடுத்தவர்கள் அனேகமாக முதலில் இந்தியாவுக்குப் போவார்கள். நான் பிரான்சுக்கு ரிக்கெட் எடுத்தேன், ஏனென்றால் அங்கே என் தம்பி இருந்தான்.

தம்பியின் பெயர் தயாளன். வீட்டில் தயா. என்னைவிட ஏழு வயது இளையவன், எனக்கு இருக்கும் ஒரே சகோதரம். தொண்ணூறில் கனடாவுக்கு என்று ஏஜென்சிக்காரன் ஒருவனோடு வெளிக்கிட்டு, பாரிஸில் நின்றுவிட்டான். மூன்று வருடம் பாரிஸில் கோப்பை கழுவினான். பிறகு ஒரு புரட்டாதியில் திராட்சை வெட்டும் வேலைக்கு என்று சென் எமிலியோன் போனவன் திரும்பி வரவில்லை. அங்கேயே ஒரு தோட்டத்தில் வருடம் முழுக்க வேலை கிடைத்துவிட்டது. வதிவிடப் பேப்பர் மட்டும் கிடைக்கவில்லை. அதனால் அவனால் நாட்டை விட்டு வெளியே வர முடியாது. நான் போனால்தான் உண்டு.

எங்கள் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா கொக்குவிலில் தனியாக இருந்தார். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவரும் சனத்தோடு நடந்து கொடிகாமத்துக்குப் போனார். அங்கே யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையில் இருந்தார். தை மாதம் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் இறந்துவிட்டார். எனக்குக் கடிதம் வந்து சேர்ந்தது பங்குனியில், கொழும்பு வந்த ஒருவரின் கையில் கொடுத்து விட்டபடியால். நான் தயாவுக்கு எழுதிய இரண்டு கடிதமும் திரும்பி வந்தன. அவன் தங்கும் இடம் மாறியிருந்தான். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

தொண்ணூற்றேழு வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடமிருந்து போன் வந்தது. என் நம்பரை யாரோ பாரிஸ்காரர் மூலம் எடுத்திருந்தான். ஹலோ சொன்ன கையோடு கேட்ட முதல் கேள்வி அம்மா எங்கே என்பதுதான். கொடிகாமத்தில் என்று சொன்னேன். அது பொய் இல்லை, அம்மாவை அங்கேதான் எரித்தார்கள். கடிதம் வருகிறதோ என்று கேட்டான். இல்லை என்றேன். அதுவும் பொய் இல்லை.

அடுத்த முறை எடுக்கும்போது சொல்லிவிடு என்று கணவர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. தமிழ் கதைக்க ஒருவர் இல்லாத ஊரில், தெருவோரப் போன் பெட்டிக்குள் நின்று அவன் இதைக் கேட்பான், கேட்டுவிட்டு யாரிடம் போவான் என்று யோசித்தேன். நேரே போய்ச் சொல்கிறேன் என்று முடிவெடுத்தேன். வருகிறேன் என்றதும், செப்டெம்பரில் வாங்கோ, திராட்சை வெட்டு நடக்கும், ஊர் நல்லா இருக்கும் என்று அவன் சந்தோசமாகச் சொன்னான்.

விமானச் சீட்டு 812 டொலர். புதன்கிழமை இரவு 7:50க்குப் புறப்பாடு. ஸ்காபரோவிலிருந்து விமான நிலையம் நாற்பது கிலோமீற்றர் வரும். 401 நெடுஞ்சாலையில் நெரிசல் நேரம் என்பதால் நாலரைக்கே ராக்ஸி பிடித்தேன். டிரைவர் எங்கள் ஆள். பிரான்சில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தம்பி, ஏழு வருடமாக அவனைப் பார்க்கவில்லை என்றேன்.

“அப்ப சந்தோசமான பயணம்தானே அக்கா,” என்றார்.

ஓம் என்று சொல்லி ஜன்னலைப் பார்த்தேன்.

வியாழன் காலை 9:15க்குப் பாரிஸ். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகும் ரயில் 45 பிராங். அப்போது ஒரு கனடா டொலருக்கு நாலு பிராங்குக்குச் சற்றுக் கூடக் கிடைக்கும். (இப்போது யூரோ. இந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது, ஞாபகத்துக்காக எழுதுகிறேன்.) வடக்கு ஸ்டேஷனில் இறங்கினால் ஐந்து நிமிட நடையில் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பல். தயாவுக்கு மிளகாய்த்தூளும் இரண்டு பக்கெற் பப்படமும் வாங்கினேன். பிறகு மெட்ரோ பிடித்து மொம்பர்னாஸ் ஸ்டேஷன். அங்கிருந்து கடுகதி ரயிலில் லிபூர்ன் என்ற நகருக்கு மூன்று மணித்தியாலம், 340 பிராங். லிபூர்னில் சின்ன ரயிலுக்கு மாறினால் எட்டுக் கிலோமீற்றரில் சென் எமிலியோன். அந்தச் சின்ன ரயில் ஒரு நாளைக்குச் சில தடவைதான் ஓடும். நான் லிபூர்ன் மேடையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று யோசிக்க அந்த நேரம் போதுமானது. முதல் சொல்லைக் கூட நான் முடிவு செய்யவில்லை.

ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி வயல்வெளி போன்ற இடத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் திராட்சை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் இதை முந்திரிகை என்போம், பந்தலில் படரவிடுவோம். இங்கே இடுப்பளவு உயரத்தில் கம்பி கட்டி, வரிசை வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்தி வைத்த மாதிரி. மழை இருட்டு. ரயிலிலிருந்து இறங்கியது நான் மட்டும்.

தயா சைக்கிளோடு நின்றான். முதலில் எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. பத்தொன்பது வயதில் கொழும்புக்கு ரயில் ஏறியவனின் படம்தான் என்னிடம் இருந்தது. இப்போது தலையில் முன்பக்கம் மயிர் கொட்டியிருந்தது, தோள் அகன்றிருந்தது. விரல்கள் எல்லாம் கறுப்பு ஊதா நிறம். சாறு, கழுவினாலும் போகாது என்று சொல்லிக் கையைப் பின்னால் மறைத்தான். என் பையைச் சைக்கிளில் கட்டினான். பத்தடி நடந்திருக்க மாட்டோம்.

“அம்மான்ரை கடிதம் ஏதும் வந்ததோ அக்கா?”

“வரேல்லை.”

“எனக்கும் இல்லை. நான் மாசம் ஒண்டு போடுறன். தபால் ஒழுங்கா ஓடுதில்லையாக்கும்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். தெருவில் வேறு யாரும் இல்லை. ஆனால் அவன் உடனே தன் அறையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டான். எனக்காகப் புதுப் போர்வை வாங்கியிருக்கிறானாம், கோழிக்கறி வைத்திருக்கிறானாம். சாப்பிட்ட பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். சாப்பிட்ட பிறகு, பயணக் களை, விடியச் சொல்வோம் என்று நினைத்தேன். அவனுடைய அறை தோட்டக் கருவிகள் வைக்கும் கொட்டிலுக்கு மேலே இருந்தது. கட்டிலை எனக்குத் தந்துவிட்டு அவன் அடுத்த அறையில் போர்த்துக்கல்காரர் இருவரோடு போய்ப் படுத்தான்.

வெள்ளிக்கிழமை விடிய மழை. ஈரத்தில் பழம் வெட்டமாட்டார்கள், தண்ணீரும் சேர்ந்து தொட்டிக்குள் போய்விடும் என்று தயா சொன்னான். அந்த வருடம் ஆவணியிலும் மழை பெய்து, பழம் ஒரே சீராக முற்றவில்லை என்று தோட்டத்தில் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். தயாவுக்கு மட்டும் சந்தோசம், அரை நாள் என்னோடு ஊர் சுற்றலாம் என்று.

ஊரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். சென் எமிலியோன் ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டின் மேலும் சரிவிலும் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னே எமிலியோன் என்ற துறவி இங்கே ஒரு குகையில் வந்து இருந்தாராம். வீடு கட்ட வெட்டிய கல்லெல்லாம் ஊருக்கு அடியிலிருந்தே எடுத்தது. அதனால் ஊருக்குக் கீழே இன்னொரு ஊர் மாதிரி வெறும் பொந்துகள், அவற்றுக்குள்தான் வைன் பீப்பாக்கள். தெருக்கள் செங்குத்தான சரிவு. உருண்டைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். மழையில் வழுக்கும். நான் போட்டிருந்தது வேலைக்குப் போடும் தட்டைச் சப்பாத்து. இரண்டு தரம் விழப் பார்த்தேன், தயா கையைப் பிடித்துக்கொண்டான்.

பார்க்க வேண்டிய முதல் இடம் நிலத்தடித் தேவாலயம். கல்லை அடுக்கிக் கட்டியதல்ல, ஒரே பாறையைக் குடைந்து எடுத்தது. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், 33 பிராங், முக்கால் மணித்தியாலம். அன்று காலை பிரெஞ்சு மொழிச் சுற்று மட்டும்தான் இருந்தது. தயா என் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தான். உள்ளே ஈரமும் இருட்டும். மேலே நிற்கும் மணிக்கூண்டின் பாரம் தாங்காமல் தூண்கள் வெடிக்கத் தொடங்கி, இரும்புப் பட்டி போட்டு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இவ்வளவு பாரத்தையும் தலையில் வைத்துக்கொண்டு எப்படி இது நிற்கிறது என்று யாரோ கேட்டார்கள். வழிகாட்டிப் பெண் சொன்ன பதிலைத் தயா எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பக்கத்திலேயே துறவி இருந்த குகை. பாறையில் வெட்டிய ஒரு இருக்கை இருக்கிறது. அதில் உட்கார்ந்து எழும்பும் பெண்ணுக்குப் பிள்ளை கிடைக்குமாம். இருங்கோ அக்கா, மருமகளுக்கு ஒரு தம்பி வேண்டாமோ என்று தயா பகிடி விட்டான். சுற்றி நின்றவர்களுக்கு அதைப் பிரெஞ்சில் சொல்ல அவர்களும் சிரித்தார்கள். நான் இருந்தேன். நானும் சிரித்தேன். எனக்கு இப்போதும் அது நம்ப முடியாமல் இருக்கிறது.

மணிக்கூண்டில் ஏறத் தனிக் காசு, 6 பிராங். படிகள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. ஒருவர் மட்டும் போகக்கூடிய சுழல்படி. உச்சியில் மழை விட்டிருந்தது. ஓட்டுக் கூரைகள் கீழே நனைந்து கிடந்தன. அதற்கு அப்பால் நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டின மட்டும் திராட்சை வரிசைதான், ஒரு மரம் கிடையாது. தயா ஒவ்வொரு துண்டுக் காணியாகக் கைநீட்டிக் காட்டினான். மாசியில் எந்த வரிசையில் கிளை வெட்டினான், எந்தச் சரிவில் உழவு இயந்திரம் புரண்டது என்றெல்லாம் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“பேப்பர் கிடைச்ச உடனை அம்மாவைக் கூப்பிடப் போறன். இஞ்சை கூட்டியந்து இதைக் காட்டவேணும். உந்தப் படியெல்லாம் அவவாலை ஏறேலாது. நான் தூக்கிக்கொண்டு வருவன்.”

“தயா,” என்றேன்.

“என்னக்கா?”

“காத்துக் குளிருது. இறங்குவம்.”

பதினொன்றரைக்கு வெயில் வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு வெட்டு என்று மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பினார். மிசேல் என்று பெயர், அறுபது வயதிருக்கும். தயாவுக்கு முதல் நாள் கத்தரி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தானாம். வெட்டு நாட்களில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தோட்டத்திலேயே சாப்பாடு. பீப்பா வைக்கும் மண்டபத்தில் நீள மேசை போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் இருந்தோம். நான் தயாவுக்குப் பக்கத்தில், மிசேல் எனக்கு நேரெதிரே.

மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வந்தன. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி. அம்மா இருக்கும்வரை ஒரு வெள்ளி தவறியதில்லை. தயா இறைச்சியைப் போட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தான்.

“வெள்ளிக்கிழமை திண்டனான் எண்டு அம்மாட்டைச் சொல்லிப் போடாதேங்கோ.”

நான் தலையாட்டினேன். பாணைப் பிய்த்து வாயில் வைத்தேன்.

சாப்பாடு பாதியில் மிசேல் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மேசை முழுக்க என் பக்கம் திரும்பியது. தயா இவர்களுக்கு அம்மாவைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறான் போல. ஒரு போர்த்துக்கல்காரன் “மமா, மமா” என்று சிரித்தான்.

“அம்மா சுகமா இருக்கிறாவோ எண்டு மிசேல் கேக்கிறார்,” என்றான் தயா. “நான் என்ன சொல்ல?”

பதினொரு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

“சுகமா இருக்கிறா எண்டு சொல்லு.”

அவன் சொன்னான். மிசேல் எழும்பினார், கிளாசைத் தூக்கினார். எல்லோரும் எழும்பினார்கள். அம்மாவின் சுகத்துக்கு என்று தயா எனக்கு மொழிபெயர்த்தான், அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. என் முன்னாலும் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்திருந்தார்கள். நான் அதுவரை வைன் குடித்தவள் அல்ல. எழும்பி, தூக்கி, வாயில் வைத்தேன். அந்த ஊர் வைனின் ருசி எப்படி என்று பிள்ளை கேட்டிருந்தாள். எனக்கு ஞாபகமில்லை.

பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை வெட்டு. என்னையும் ஒரு வரிசையில் விட்டார்கள். வளைந்த சின்னக் கத்தரி, காலடியில் ஒரு வாளி. குலையை இடது கையில் தாங்கி, காம்பை வெட்டி, அழுகின பழத்தை நோண்டி எறிந்துவிட்டு வாளியில் போட வேண்டும். வாளி நிரம்பினால் முதுகில் கூடை கட்டியவன் வந்து எடுத்துப் போவான். அரை மணித்தியாலத்தில் இடுப்பு நாரி விட்டுப்போனது. இடது பெருவிரலை வெட்டிக்கொண்டேன். வரிசைக்கு மறுபக்கம் தயா வெட்டிக்கொண்டு போனான், இலைகளுக்கு நடுவே அவன் குரல் மட்டும் கேட்டது. ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தான். இந்தச் சத்தம் என்னால் நிற்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே வெட்டினேன். தோட்டக்காரர்கள் அன்று மகிழ்ச்சியாக இருந்தார்கள், மழை போய்விட்டது என்று.

சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தயா என் அறைக்கு வந்து, மூலையில் இருந்த சின்ன அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தான். ஏழரைக்கு அவன் வேலைக்குப் போக வேண்டும். நான் கட்டில் விளிம்பில் இருந்தேன். ஞாயிறு காலை எனக்கு ரயில். இனித் தள்ளிப்போட நாள் இல்லை.

“தயா, அம்மா இல்லை.”

அவன் தேயிலை பக்கெற்றை வெட்டிக்கொண்டு நின்றான்.

“எங்கை இல்லை? கொடிகாமத்திலையோ?”

“செத்துப்போனா.”

பக்கெற்றை அடுப்புக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தான். என் பக்கம் திரும்பவில்லை.

“எப்ப?”

“தையிலை.”

“இந்தத் தையோ?”

“இல்லை. போன வருசத் தை. காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்கேல்லையாம்.”

அவன் விரல்விட்டு எண்ணினான். சின்னப் பிள்ளைகள் எண்ணுவது போல, பெருவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு. இருபது மாதம்.

“அப்ப வைகாசியிலை நான் போன் எடுக்கேக்கை உங்களுக்குத் தெரியும்.”

“ஓம்.”

தண்ணீர் கொதித்துக்கொண்டு இருந்தது. அடுப்பை நிற்பாட்டினான். சேற்றுச் சப்பாத்தைப் போட்டு, கயிற்றைக் கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனான். நான் அவன் அழுவான் என்று நினைத்திருந்தேன். ரொறன்ரோவிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததே அவன் அழும்போது பக்கத்தில் இருக்கத்தான். அழுதானோ, எங்கே போய் அழுதானோ, எனக்குத் தெரியாது.

எட்டு மணிக்கு நானும் தோட்டத்துக்குப் போனேன். அவன் வரிசைக்குப் பக்கத்து வரிசையில் கத்தரியை எடுத்தேன். அவன் முதல் நாளைவிட வேகமாக வெட்டினான். நான் எவ்வளவு கெதியாக வெட்டினாலும் அவன் எனக்கு முன்னால்தான் போய்க்கொண்டு இருந்தான். வரிசை முடிவில் வந்து திரும்பும்போது என்னைக் கடந்து போவான். முகத்தைப் பார்க்கமாட்டான். கோபமாகவும் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவரைக் கடப்பது போல இருந்தது.

மத்தியானம் அதே மேசை. சாப்பாடு வருமுன் தயா எழும்பி நின்று பிரெஞ்சில் ஏதோ சொன்னான். நாலைந்து வசனம்தான் இருக்கும். குரல் உயரவும் இல்லை, தளரவும் இல்லை. அவன் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. ஒவ்வொரு முகமாக முதலில் அவனைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. தொப்பி போட்டிருந்தவர்கள் கழற்றினார்கள். மிசேல் மேசையைச் சுற்றி வந்து தயாவைக் கட்டிப் பிடித்தார். பிறகு என் முன்னால் வந்து கை தந்தார். கையைக் கொஞ்ச நேரம் விடாமல் என் கண்ணைப் பார்த்தார். முதல் நாள் அம்மாவின் சுகத்துக்குக் குடிக்கச் சொன்னது அவர்தான். அவர் என்ன நினைத்தார் என்று கேட்கும் மொழி என்னிடம் இல்லை.

அன்று மேசையில் இறைச்சிதான் வந்தது. தயா பாண் மட்டும் சாப்பிட்டான்.

பின்னேரம் வெட்டு முடிந்ததும் அவன் ஊருக்குள் போய் முடிவெட்டும் கடையில் தலையை மொட்டை அடித்துக்கொண்டு வந்தான். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். ஊரில் யாரோ தூரத்துச் சொந்தக்காரப் பையன் வைத்தான் என்று கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். பெயரைக் கேட்டான். சொன்னேன். அம்மா கடைசியில் யார் வீட்டில் இருந்தார், சாப்பாடு கிடைத்ததோ, தன்னுடைய கடிதம் ஒன்றாவது போய்ச் சேர்ந்ததோ என்று ஒன்றொன்றாகக் கேட்டான். தெரிந்ததற்குப் பதில் சொன்னேன். கடிதங்களைப் பற்றி எனக்குத் தெரியாது என்றேன். அவ்வளவுதான் கதைத்தோம்.

ஞாயிறு காலை என் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்து வந்தான். பனி மூடியிருந்தது, வரிசைகள் தெரியவில்லை. ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. மேடையில் ஒரு வாங்குதான். இரண்டு பேரும் இருந்தோம். மன்னிச்சுக்கொள் என்று நான்தான் முதலில் சொன்னேன். நீ தனிய நிற்கும்போது போனில் சொல்லப் பயமாக இருந்தது என்றேன். அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

“போனிலை சொல்லாதது பரவாயில்லை அக்கா. அது எனக்கு விளங்குது. வெள்ளிக்கிழமை எல்லாரும் எழும்பி அம்மான்ரை சுகத்துக்கெண்டு குடிச்சவை. நீங்களும் கிளாசைத் தூக்கினீங்கள்.”

ரயில் வந்தது. பையை ஏற்றித் தந்தான். மொட்டைத் தலையோடு மேடையில் நின்றான். கை காட்டவும் மறக்கவில்லை. திரும்பி நடந்து போவதைத் திராட்சை மறைக்கும்வரை பார்த்தேன்.

திங்கள் மாலை ரொறன்ரோ வந்து இறங்கினேன். சொன்னியா என்று கணவர் கேட்டார். சொன்னேன் என்றேன். செவ்வாய் ஷிப்டுக்குப் போய்விட்டேன். பெருவிரல் வெட்டுக் காய இரண்டு கிழமை எடுத்தது. ஆறு மாதம் தயா போன் எடுக்கவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு எடுத்தான். பிறகு மாதம் ஒரு முறை. கனகாலத்துக்குப் பிறகு பேப்பரும் கிடைத்தது. ஒரு மாரியில் இங்கே, நாங்கள் பிறகு குடிவந்த அஜக்ஸ் வீட்டுக்கு வந்து மூன்று கிழமை நின்றான். என் மகளோடு நல்ல ஒட்டு. நாங்கள் சண்டை பிடித்தது கிடையாது. அந்த மேசையைப் பற்றி இன்றுவரை கதைத்ததும் கிடையாது.

இனிப் பயண விபரம். செப்டெம்பர் கடைசி அல்லது ஒக்ரோபர் தொடக்கத்தில் போங்கள், வெட்டு நடப்பதைப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கிழமைகளில் அறை கிடைப்பது கஷ்டம், ஆறு மாதம் முன்னரே சொல்லி வையுங்கள். லிபூர்னிலிருந்து வரும் சின்ன ரயிலின் நேரத்தைப் பார்த்துவிட்டுப் பாரிஸ் ரயிலை எடுங்கள். ஞாயிறுகளில் அது இன்னும் குறைவு. வழுக்காத அடியுள்ள சப்பாத்து கட்டாயம், குதிக்கால் உயர்ந்தது வேண்டாம். நிலத்தடித் தேவாலயத்துக்கு ஆங்கிலச் சுற்று எந்த நேரம் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். உள்ளே கோடையிலும் குளிரும், ஸ்வெற்றர் வேண்டும். முழங்கால் நோ உள்ளவர்கள் மணிக்கூண்டில் ஏற வேண்டாம். தோட்டங்களுக்குள் கேட்காமல் இறங்கிப் பழம் பிடுங்காதீர்கள். பாதாம்பருப்பில் செய்யும் பிஸ்கற் அந்த ஊரில் பெயர் போனது, அதை வாங்கலாம்.

ஆராவது என்னைப் போல ஒரு செய்தியோடு பயணம் போகிறீர்கள் என்றால், ரயிலால் இறங்கின இடத்திலேயே சொல்லிவிடுங்கள். கோழிக்கறி ஆறட்டும். நல்ல நேரம் பார்த்துச் சொல்வோம் என்று நான் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் அவனுக்கு நல்லதாக இருந்த எல்லா நேரத்தையும் கெடுத்துவிட்டேன். மணிக்கூண்டும், குகையும், வெள்ளிக்கிழமைப் பாட்டும் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. இவ்வளவு வருடம் அந்த ஊரில் இருந்தும் மணிக்கூண்டில் அவன் பிறகு ஏறவில்லை என்று எனக்குத் தெரியும்.

அம்மாவின் திவசத்தை நான் தை மாதத் திதியில் செய்கிறேன். கோயிலில் ஐயருக்கு அரிசி காய்கறி கொடுத்து, வீட்டில் படைத்து, தவறாமல் நடக்கும். திதியைத் தயாவுக்கும் அனுப்பினேன். அவன் அதை ஏற்கவில்லை. அவன் தன்பாட்டில் செப்டெம்பரில், வெட்டு நாட்களில் வரும் அந்தச் சனிக்கிழமையில் விரதம் இருக்கிறான். அவனுக்கு அம்மா செத்தது அன்றைக்குத்தான். போன செப்டெம்பரில் அந்தச் சனிக்கிழமை நான்தான் போன் எடுத்தேன். வெட்டு எப்படி என்று கேட்டேன். மழை, பழம் அழுகல் என்றான். என்ன சமையல் என்று கேட்டேன். பருப்பும் பூசணிக்காயும் என்றான். நீங்கள் என்ன சமைச்சனீங்கள் என்று அவன் வழமைபோலக் கேட்டான். பருப்பும் கத்தரிக்காயும், இந்த நாளில் இங்கேயும் மரக்கறிதான், எட்டு வருடமாக என்று முதல் தடவையாகச் சொன்னேன். பின்னால் யாரோ அவனைப் பிரெஞ்சில் கூப்பிட்டார்கள்.

“சரி அக்கா,” என்றான். “சாப்பிடுங்கோ, ஆறப்போகுது.”